வீட்டில் கற்றது வீண்போகாது
(பங்கின் பொன்விழாவையொட்டி அன்னையர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோயிலைக் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நம்மில் பலருக்கு முதன்முதலில் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக் கொடுத்தவர் தாய், அல்லது பாட்டி.

வீடு சந்திப்புக்கு வரும்போது இந்தத் தாய்மாரில் பலர் என்னிடம் சொல்வதுண்டு: "பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டேன், சாமி. இனி நான் இருந்து என்ன ஆகப்போகிறது?" இதற்கு விடையாக ஒரு தாயின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

புனித யோவான்னா பிரான்சிஸ்கா ஷந்தால் அம்மாள் 1572-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் பிறந்தவர். இருபதாம் வயதில் திருமணம். கணவரின் சொத்து கடனில் மூழ்கிக் கிடந்தது. அம்மாள் கணக்குப் பார்த்து, வேலையாட்களை நடத்தி, அதைச் சீராக்கினார். ஆறு பிள்ளைகளில் இரண்டு சிறு குழந்தைகளாகவே இறந்தன. 1601-இல் வேட்டைக்குப் போன இடத்தில், உடன் சென்றவரின் குண்டு தவறிப் பாய்ந்து கணவர் இறந்தார். 29 வயதில், நான்கு பிள்ளைகளோடு விதவையானார்.

தம்மோடு வந்து தங்காவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து இல்லை என்றார் மாமனார். அந்த வீட்டில் அதிகாரம் ஒரு வேலைக்காரியின் கையில். மருமகள் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார். கணவரைச் சுட்டவரை மன்னிக்க நெடுநாள் ஆயிற்று. ஆயினும் மன்னித்து, அவருடைய குழந்தைக்கு ஞானத்தாயாகவும் நின்றார்.

1604-இல் புனித பிரான்சிஸ் சலேசியாரைச் சந்தித்தார். 1610-இல் இருவரும் அன்னெசி நகரில் ஒரு துறவற சபையைத் தொடங்கினர். அக்காலத்து மடங்களின் கடுந்தவத்தைத் தாங்க முடியாத வயதானவர்கள், விதவைகள், உடல்நலம் குன்றியவர்கள் ஆகியோரையும் இச்சபை வரவேற்றது. 1641-இல், 69-ஆம் வயதில், பயண வழியில் அம்மாள் இறந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன.

பிள்ளைகளை விட்டுவிட்டா போனார் என்று கேட்பீர்கள். மூத்த மகளுக்கு மணம் முடித்தார். இளைய மகளைத் தம்மோடு அழைத்துச் சென்றார். மகனின் படிப்பைத் தம் தந்தையின் பொறுப்பில் விட்டார். அப்படியும் மகன் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டான். தாய் கண்ணீரோடு அவனைத் தாண்டிச் சென்றார். அந்தப் புதுப்பணி வலியில்லாமல் வரவில்லை.

இத்தனை மடங்களை நடத்த அவர் எங்கே கற்றார்? கடன்பட்ட குடும்பத்தை நிமிர்த்தியபோது, குழந்தைகளை அடக்கம் செய்தபோது, மாமனார் வீட்டில் பொறுமை காத்தபோது கற்றார். நீங்களும் அதே பள்ளியில் படித்தவர்கள் அல்லவா?

தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயரையே அச்சபைக்கு இட்டார்கள். கருவுற்ற இளம் மரியா, முதிய வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தைத் தேடிச் சென்று ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். இளையவருக்கு மூத்தவரும், மூத்தவருக்கு இளையவரும் தேவை.

தாய்மார்களே, உங்கள் தெருவிலும் முதல் பிள்ளையோடு தனியே திணறும் இளம்பெண் இருப்பாள். அவளைப் பெற்றவள் வெளியூரில் இருப்பாள். அங்கே போய்ச் சற்று உட்காருங்கள். உங்கள் காலத்துக் கைவைத்தியத்தையெல்லாம் வற்புறுத்த வேண்டாம். மருந்தை மருத்துவர் சொல்லட்டும், தைரியத்தை நீங்கள் சொல்லுங்கள். புதிதாகக் கணவரை இழந்தவளுக்கு, அந்தத் துயரைக் கடந்து வந்தவரைவிட யார் ஆறுதல் சொல்ல முடியும்? ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கும் உங்கள் குரல் வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வயதான தாயை வீட்டுக்குக் காவலாகவும் பேரப்பிள்ளைகளுக்கு ஆயாவாகவும் மட்டும் வைத்திராதீர்கள். பூசைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் அவர் போய்வர வழிவிடுங்கள். குடும்பத்தில் ஒரு முடிவு எடுக்குமுன் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல், ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாக ஏற்படுத்தினார். அது மரியன்னையின் பெற்றோராகிய புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி வருகிறது. அன்று வீடுதோறும் பேரப்பிள்ளைகள் பாட்டியின் அருகில் அமர்ந்து அவருடைய கதையைக் கேட்கட்டும்.

அன்னம்மாள் தம் மகளுக்குக் கற்பித்தவற்றை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. அவற்றின் பலனை நாம் எல்லாரும் அனுபவிக்கிறோம். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!