சமாதானக் கூட்டத்தில் யாருக்கு நாற்காலி?

(தூத்துக்குடியில் இளைஞர்கள் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீங்கள் தொடங்கப்போகிற சமாதான அமைப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். நிர்வாகக் குழு இன்னும் முடிவாகவில்லை, சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள் சிலர் பொறுப்புக்கு வர விரும்புகிறார்கள் என்று சொன்னீர்கள். இதில் உங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. துப்பாக்கி பிடித்தவருக்குச் சமாதான அமைப்பில் என்ன வேலை என்று ஒரு தரப்பு கேட்கிறது. பட்டாளத்துக்காரர் சொன்னால் ஊர் கேட்கும், போலீசும் கேட்கும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. தென் மாவட்டங்களில் சாதி மோதலுக்குப் பிறகு அதிகாரிகள் கூட்டுகிற சமாதானக் கூட்டங்களைப் பற்றித்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் தாராளமாக வரட்டும். ஆனால் பட்டாளத்தில் இருந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் தலைமையைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் சீருடைக்குக் கிடைக்கிற மரியாதை, அதைப் போட்டவருடைய சாதியைப் பொறுத்து மாறுகிறது. அதை மறந்துவிட்டு ஓர் அமைப்பைக் கட்டினால், ஊரில் ஏற்கெனவே யார் மேலே இருக்கிறாரோ அவர்தான் சமாதானத்தின் பெயரிலும் மேலே உட்காருவார்.

முதலில், படைவீரர்கள் சமாதான இயக்கத்துக்கு வருவது உலகத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1985இல் முன்னாள் படைவீரர்களே சேர்ந்து ‘வெட்டரன்ஸ் ஃபார் பீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே வியட்நாம் போருக்கு எதிராக அங்கே சண்டை போட்டுத் திரும்பியவர்கள் திரண்டார்கள். 1971 ஏப்ரலில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரில் கூடி, வியட்நாம் கிராமங்களில் தாங்கள் பார்த்ததையும் செய்ததையும் வரிசையாக எழுந்து சொன்னார்கள். அவர்களுடைய பேச்சுக்கு மதிப்பு வந்தது அந்த வாக்குமூலத்தால். போர் எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்த சாட்சிகள் அவர்கள்.

நம் நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் அட்மிரல் ராம்தாஸ். 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் போர்க்கப்பலுக்குத் தலைமை வகித்து வீர் சக்ரா பெற்றவர். 1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி. ஓய்வுக்குப் பிறகு அணு ஆயுத எதிர்ப்பிலும், இந்தியா பாகிஸ்தான் மக்களுக்கு இடையிலான சமாதான முயற்சியிலும் முன்னணியில் நின்றார். அதற்காக 2004இல் பாகிஸ்தானின் ஐ.ஏ. ரஹ்மானோடு சேர்த்து மகசேசே விருது கொடுத்தார்கள். கூடங்குளம் போராட்டத்தையும் ஆதரித்துப் பேசினார். 2024 மார்ச்சில் காலமானார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் கூடங்குளம் காலத்தை நினைத்துப் பாருங்கள். இடிந்தகரைப் பெண்கள் சொன்னதையேதான் அட்மிரலும் சொன்னார். அவர் சொன்னபோது அது ‘மாற்றுக் கருத்து’ ஆனது. பெண்கள் சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத் துரோக வழக்கு பாய்ந்தது. 2012 செப்டம்பர் 10 அன்று நம் மாவட்டத்து மணப்பாட்டில் போலீஸ் சுட்டு ஒரு மீனவர் இறந்தார். அடுத்த சில நாளில் கடலுக்குள் இறங்கி நின்ற போராட்டக்காரர்கள் மேல் கடலோரக் காவல்படை விமானம் தாழப் பறந்தது. அந்தப் பதற்றத்தில் பாறையில் விழுந்து இன்னொரு மீனவர் இறந்தார். நாமும்கூட அன்று ‘கடற்படைத் தளபதியே சொல்கிறார் பாருங்கள்’ என்று அட்மிரலைக் கேடயமாகப் பிடித்தோம். அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் அப்படிப் பிடிக்கும்போது, நாட்டைப் பற்றிப் பேசுகிற தகுதி சீருடை போட்டவருக்குத்தான் உண்டு என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறோம்.

சரி, சீருடை போட்ட எல்லோருக்குமாவது அந்தத் தகுதி கிடைத்ததா? இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி வரை போய் உள்ளே திரும்பினால் முதுகுளத்தூர். அங்கே 1957 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் ஒரு சமாதானக் கூட்டம் நடத்தினார். இடைத்தேர்தலை ஒட்டிய சாதி மோதல்களை நிறுத்துவதற்காக மறவர், நாடார், தேவேந்திரர் என மூன்று தரப்பின் தலைவர்களையும் கூப்பிட்டிருந்தார். தேவேந்திரர் தரப்பில் வந்தவர் இம்மானுவேல் சேகரன். அப்போது அவருக்கு 33 வயதுகூட முடியவில்லை. இந்திய ராணுவத்தில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி, தீண்டாமைக்கு எதிராக இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

உங்கள் கேள்விக்கு நம் மண்ணில் கிடைக்கிற நேரான உதாரணம் இதுதான். முன்னாள் படைவீரர் ஒருவர் சமாதானப் பேச்சில் ஒரு தரப்பின் தலைவராக வந்து உட்காருகிறார். என்ன நடந்தது? இவர் ஒரு தலைவரா, எங்களுக்குச் சமமாக உட்காரத் தகுதி உள்ளவரா என்ற கேள்வி அந்தக் கூட்டத்திலேயே எழுந்தது என்று அரசுத் தரப்புப் பதிவுகள் சொல்கின்றன. மறுநாள் செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். தேசத்துக்காகப் பட்டாளத்துக்குப் போனவர் என்ற பெருமை அவருக்கு ஒரு நாற்காலியைக்கூடக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. 2010இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதற்கு 53 வருடம் ஆனது.

அத்தோடு அது முடியவில்லை. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் 5 மறவர்களைச் சுட்டுக் கொன்றது. அதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு முதலில் நாற்காலி போட்டுச் சமாதானம் பேசியது, நான்கு நாள் கழித்துத் துப்பாக்கியால் பேசியது. சமத்துவத்தைத் தொடாத சமாதானம் எந்தச் சாதி ஏழையையும் காப்பாற்றவில்லை.

பட்டாளத்துக்கு உள்ளேயும் சாதி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பம்பாய் ராணுவத்தில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட மகர்களை, ‘வீர இனம்’ அல்ல என்று சொல்லி 1890களில் பிரிட்டிஷார் சேர்ப்பதை நிறுத்தினார்கள். சுதந்திர இந்தியாவிலும் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு மூன்று பிரிவினரிலிருந்து மட்டுமே ஆள் எடுப்பது பற்றி நீதிமன்றத்தில் வழக்கு நடந்திருக்கிறது.

ஆனால் அதே பட்டாளத்திலிருந்துதான் சாதி எதிர்ப்பின் முதல் தலைவர்களில் சிலரும் வந்தார்கள். கோபால் பாபா வலங்கர் 1886இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, தீண்டாமையைக் கேள்வி கேட்டு எழுதினார், அமைப்பு கட்டினார். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் கற்பித்தவர். 1920களில் அம்பேத்கர் தொடங்கிய தொண்டர் படையின் பெயர் சமதா சைனிக் தளம், அதாவது சமத்துவப் படை. ஓய்வுபெற்ற மகர் படைவீரர்கள் அந்த இயக்கத்துக்குப் பலமாக இருந்தார்கள். அவர்கள் பதவியையும் பதக்கத்தையும் காட்டித் தலைமை கேட்கவில்லை. எழுத்து, ஒழுங்கு, வெளியுலக அனுபவம் என்று பட்டாளத்தில் கற்றதைச் சேரிக்குக் கொண்டு வந்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். உயர் அதிகாரியாக ஓய்வு பெற்றவரைத் தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சிப்பாயாக ஓய்வு பெற்றவர் நாற்பது வயதுக்கு முன்னாலேயே வீடு திரும்பி, ஏதாவது கம்பெனி வாசலிலோ ஏ.டி.எம். வாசலிலோ செக்யூரிட்டி வேலைக்கு நிற்கிறார். என் பெரியப்பா அப்படி நின்றவர். பதினேழு வருடம் எல்லையில் இருந்துவிட்டு வந்து, பென்ஷன் பணத்தில் எங்கள் தெருவில் முதல் மாடி வீட்டைக் கட்டினார். ஊர்க்காரர்கள் அவரை ‘மிலிட்டரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கோயில் கொடை பற்றிப் பேச ஊர்க்கூட்டம் கூடினால் ‘மிலிட்டரி’யைக் கூப்பிட்டதில்லை. மேலத்தெருவில் இருந்த இன்னொரு பட்டாளத்துக்காரர், அவரைவிடக் குறைவாகவே சர்வீஸ் போட்டவர், அந்தக் கூட்டத்தில் நடுவில் உட்காருவார்.

நீங்கள் பட்டாளத்துக்காரருக்குத் தலைமை என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால், எந்தப் பட்டாளத்துக்காரர் வந்து உட்காருவார்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, ‘சமாதானம்’ என்ற வார்த்தையைப் பற்றி. இந்தக் கரைக்கு எதிர்க்கரையில் 1987இல் இறங்கிய இந்திய ராணுவத்துக்கு வைத்த பெயர் அமைதிப் படை. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் அந்தப் படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று நம் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து தேவேந்திரர்களின் வீடுகளை நொறுக்கி, கிணற்றைக்கூடப் பாழாக்கியதும் சட்டம் ஒழுங்கின் பெயரில்தான். 2018 மே 22இல் இந்த ஊர்த் தெருக்களில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 13 உயிர் போனது. அதற்கு இரண்டு நாள் முன்னால் மே 20 அன்றும் ஒரு சமாதானக் கூட்டம் நடந்தது. ஒரு நகரமே கொதித்துக்கொண்டிருந்தபோது மாவட்ட ஆட்சியர் அதை நடத்தவில்லை, சார் ஆட்சியர் நடத்தினார். கூட்டத்துக்கு வந்த ஒரு தரப்பு ஒத்துக்கொண்டதை எல்லோரும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

சமாதானக் கூட்டங்களுக்கு ஒரு வழக்கமான நடைமுறை இருக்கிறது. இரு தரப்பு ‘முக்கியஸ்தர்களை’க் கூப்பிடுவார்கள். வெட்டியவரையும் வெட்டுப்பட்டவரையும் ‘இரு தரப்பு’ என்று சமமாக எழுதுவார்கள். விட்டுக்கொடுத்துப் போங்கள் என்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி அழுத்துவார்கள். கடைசியில் கையெழுத்து வாங்குவார்கள். பெண்கள் பெரும்பாலும் அறைக்கு வெளியே நிற்பார்கள். இந்த நடைமுறைக்கு ஒரு கண்டிப்பான பட்டாளத்துக்காரர் தலைவராக வந்தால், ஊர் அமைதியாகத்தான் இருக்கும். அடிபட்டவர் வாயை மூடிக்கொண்டதால் வருகிற அமைதி அது.

முத்துக்குளித்துறையின் பழைய கதை ஒன்றையும் நினைவில் வையுங்கள். 1530களில் பரதவர்கள் தங்கள் முத்துச் சலாபத்தைக் காப்பாற்றிக்கொள்ள போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது. கூடவே சலாபத்தின் மேல் பிடியும் வரியும் போர்ச்சுக்கீசியர் கைக்குப் போனது. காவலுக்கு வருகிறவர் எஜமான் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது காவல் கேட்டவருடைய பொறுப்பு.

அப்படியானால் என்ன செய்யலாம்? வருகிற முன்னாள் படைவீரர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது, ஐயா, நீங்கள் பார்த்ததைச் சொல்வீர்களா? காஷ்மீரிலோ, வடகிழக்கிலோ, யாழ்ப்பாணத்திலோ இருந்திருப்பீர்கள். அங்கே சாதாரண மக்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த இளைஞர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவீர்களா? பேசுகிறவர் நமக்கு ஆசிரியர். வீரக்கதை மட்டும் சொல்கிறவரை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம், ஆனால் தலைமை வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் ஊரில் ஒரு சேரிப் பையனை வெட்டினால், ஒரு காதல் ஜோடி பயந்து ஓடி வந்தால், நீங்கள் யார் வாசலில் நிற்பீர்கள்? எல்லையில் எங்கே நின்றார் என்பதைவிட ஊரில் எங்கே நிற்கிறார் என்பது நமக்கு முக்கியம்.

மூன்றாவது, ரேங்கைக் கழற்றி வைக்க முடியுமா? சுபேதார் பேசும்போது சிப்பாய் எழுந்து நிற்கிற பழக்கம் இங்கே கூடாது. இருபத்திரண்டு வயது மீனவப் பெண் கூட்டத்துக்குத் தலைமை வகித்தால், அவர் ‘நேரம் முடிந்தது, உட்காருங்கள்’ என்று சொன்னால், உட்கார முடியுமா?

இந்த மூன்றுக்கும் சரி என்று சொல்கிற ஒருவர் வந்தால் அவரை விடாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதிகமும் சேரிகளிலும் குப்பங்களிலும், இன்று செக்யூரிட்டி உடுப்பில் நிற்கிறார்கள். அவர்கள் உங்களிடம் பொறுப்பு கேட்டு வரமாட்டார்கள். இதுவரை அவர்களை யாரும் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. நீங்கள் போய்க் கூப்பிட வேண்டும்.

அமைப்பின் விதிகளை எழுதும்போது இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, வன்கொடுமை வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி இந்த அமைப்பு ஒருபோதும் யாரிடமும் பேசாது. இரண்டு, பாதிக்கப்பட்ட தரப்பு யாரைத் தன் தலைவர் என்று அனுப்புகிறதோ அவருக்குச் சமமான நாற்காலி போடாத எந்தச் சமாதானக் கூட்டத்திலும் இந்த அமைப்பு உட்காராது. 1957இல் முதுகுளத்தூரில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. இப்போது தொடங்கப்போகிறவர்கள் நீங்கள்.