அதிகமாக வியர்ப்பது ஏன்? என்ன செய்யலாம்?

(அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

போன மாதம் கேள்விப் பெட்டியைத் திறந்தபோது மூன்று சீட்டுகள் ஒரே விஷயத்தைப் பற்றி இருந்தன. மூன்றிலும் பெயர் இல்லை. ஒன்றில், "பரீட்சை எழுதும்போது உள்ளங்கை நனைந்து பேப்பர் ஊறிவிடுகிறது" என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், "பெருநாள் தொழுகை முடிந்ததும் முஸாஃபஹா செய்யப் பயந்து பின்பக்க வாசல் வழியாகப் போய்விடுகிறேன்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மூன்றாவது ஒரு தாய். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ஏன் இப்படி வியர்த்துக் கொட்டுது, ஏதாவது வியாதியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை என்று எழுதியிருந்தார்.

காட்டேரிக்குப்பத்தில் வியர்ப்பதைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். சித்திரை, வைகாசியில் இங்கே வியர்க்காதவர் யார்? ஆனால் இந்த மூன்று பேருக்கும் மார்கழியிலும் வியர்க்கிறது. அது வேறு விஷயம்.

முதலில் மார்க்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வீண் பயம் இருக்கிறது. மனிதனின் வியர்வை அசுத்தம் அல்ல. வியர்ப்பதால் உளூ முறியாது. வியர்வை பட்ட உடையில் தொழலாம். கடுங்குளிர் நாளில் வஹீ இறங்கும்போதும் நபி (ஸல்) அவர்களின் நெற்றியில் வியர்வை வழிந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. அதே கிதாபில் இன்னொரு செய்தியும் உண்டு. மதீனாவின் சுற்றுப்புறங்களிலிருந்து ஜும்ஆவுக்கு வந்த உழைப்பாளி மக்கள் புழுதியும் வியர்வையுமாக வந்தார்கள். நபியவர்கள் அவர்களை விரட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இந்த நாளுக்காகச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் நன்றாயிருக்குமே என்ற கருத்தில் மென்மையாகச் சொன்னார்கள். ஸஃபில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. உடம்பின் சூட்டைக் குறைப்பதுதான் வியர்வையின் வேலை. சிலருக்கு அந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு தேவையில்லாமலே கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும். சுரப்பியில் கோளாறு இல்லை, சுத்தக் குறைவும் இல்லை. அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. சிறு வயதிலோ பருவ வயதிலோ தொடங்கும். இரண்டு கையிலும், இரண்டு காலிலும், இரண்டு அக்குளிலும் ஒரே மாதிரி வரும். குடும்பத்தில் அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருக்கும். முக்கியமான அடையாளம், தூங்கும்போது வியர்க்காது. கேள்வி எழுதிய மூன்று பேருக்கும் அநேகமாக இந்த வகைதான். இது தொற்றாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை. பெண் பார்க்க வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகை இருக்கிறது. அதற்குத்தான் நான் இன்று அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இதுவரை அப்படி வியர்க்காத ஒருவருக்கு, திடீரென்று உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்து, நெஞ்சு இறுக்கமோ, தாடை, தோள், இடது கை வலியோ, மூச்சுத் திணறலோ இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வையும் மயக்கமும் மட்டும் வரலாம். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் கொடுத்து, தைலம் தேய்த்து, விடியட்டும் என்று படுக்க வைக்கிறார்கள். படுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ரமளான். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் நோன்பு வைத்திருக்கும்போது, மஃரிபுக்குச் சற்று முன் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. எழுபதுக்குக் கீழே இருந்தால் உடனே நோன்பை விட வேண்டும். பார்க்கக் கருவி இல்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "இன்னும் இருபது நிமிஷம்தானே" என்று பொறுத்துக்கொள்வது தக்வா அல்ல. அந்த நோன்பைப் பிறகு களா செய்யலாம். நினைவிழந்து விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இரவில் தலையணையும் பாயும் நனையும்படி வியர்த்து, கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காசநோய்க்குச் சளி பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. மறைக்க ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்து, இதயம் படபடத்து, வெயிலே தாங்கவில்லை என்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்குத் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். வீட்டுக்காரர்கள் கிண்டல் செய்யாமல் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவிடலாம். சில மன அழுத்த மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் வருகிறேன். மருந்து இருக்கிறது. முதலில் கொடுப்பது அலுமினியம் குளோரைடு கரைசல். இரவு இஷாவுக்குப் பிறகு, தோலை நன்றாகத் துடைத்துக் காயவைத்துத் தடவ வேண்டும். ஈரத்தில் தடவினால் எரியும். ஃபஜ்ருக்கு முன் கழுவிவிட்டு உளூ செய்யலாம். அக்குள் முடி களைந்த அன்று தடவ வேண்டாம். பவுடர் போடுவதால் வியர்வை நிற்காது, களியாகத்தான் ஆகும். கைக்கும் காலுக்கும் இன்னொரு சிகிச்சை உண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் கையை வைத்து, மிக மெல்லிய மின்சாரத்தை இருபது, முப்பது நிமிஷம் செலுத்துவார்கள். ஆரம்பத்தில் வாரம் மூன்று நாலு முறை, பலன் தெரிந்த பிறகு குறைத்துக்கொள்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் ஆகாது. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டு கரண்டில் முயற்சி செய்துவிடாதீர்கள், அல்லாஹ் காப்பாற்றட்டும்.

மாத்திரைகளும் இருக்கின்றன. கிளைகோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் என்று பெயர். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைக்கும். வியர்வையையே நிறுத்துவதால் வெயிலில் உடம்புச் சூடு ஏறிவிடும். வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்களும் ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது. 2024 ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 டிகிரி வெப்பம் பதிவானது. அந்த ஆண்டு 1,301 பேர் மௌத்தானதாக சவூதி அரசே அறிவித்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த வெயிலில் வியர்வைதான் நம்மைக் காக்கும் கவசம். இன்னொன்று, இஹ்ராமில் வாசனையுள்ள எதையும் பூசக் கூடாது என்பதால் வாசனையில்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

போடாக்ஸ் ஊசி அக்குளில் ஆறு மாதம்போல் பலன் தரும், செலவு அதிகம். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையும் உண்டு. கை காய்ந்துவிடும், ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் முன்பைவிட அதிகம் வியர்க்கும், அதைத் திருப்ப முடியாது. கடைசி வழியாகத்தான் அதை நினைக்க வேண்டும்.

நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வேறு ஒரு கஷ்டம். வியர்வை தேங்கும் தொடை இடுக்கில் படர்தாமரை வருகிறது. வெட்கத்தால் டாக்டரிடம் காட்டாமல், மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகிறோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை சாகாது. நிறுத்தியதும் இரண்டு பங்காகப் பரவும், தோலும் மெலிந்துவிடும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் துண்டு, சோப்பு, லுங்கி எதையும் பகிர வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் காட்டிக்கொள்ள வேண்டும். சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நைலான் துணியில் தைத்த புர்காவை விட்டு, காற்றுப் புகும் துணியாகப் பாருங்கள். உள்ளே பருத்தி உடுத்துங்கள்.

கை ஈரத்தால் ஆதார் மையத்திலும் பேங்கிலும் கைரேகை விழாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. கையைத் துடைத்துவிட்டு வையுங்கள். அப்படியும் விழாவிட்டால் கருவிழி மூலமோ, செல்லுக்கு வரும் ஓடிபி மூலமோ செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

முதலில் நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவைப்பட்டால் கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது அது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், பக்கத்தில் இருக்கும் நாம் போகத் தயங்குகிறோம். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். எப்போது தொடங்கியது, எங்கெங்கே வியர்க்கிறது, தூக்கத்தில் வருகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

துணைக்கு ஆள் இல்லாத சகோதரிகள் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். நம் பெண்கள் குழுவிலிருந்து ஒருவர் கூட வருவார். என்ன வியாதி என்று அலுவலகத்தில் சொல்ல வேண்டியதில்லை, நாள் மட்டும் சொன்னால் போதும். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. மீதிக் கேள்விகளைப் பெட்டியில் போடுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.