மின்னல் வருமுன்னே



2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் தேதி. பீகார் மாநிலத்தில் இடியும் மழையும் கொட்டின. அந்த ஒரே நாளில் மின்னல் தாக்கி 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள்.

"இடி விழுந்தது" என்கிறோம். இடி என்பது ஓசைதான். உயிரைப் பறிப்பது மின்னல். அது வருமுன் அறிய முடியுமா? ஓரளவு முடியும். அதற்குச் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன.

ஈரத்தை அளப்பது எப்படி?

காற்றில் நீராவி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஈரக்காற்று சூடாகி மேலே போகிறது. பெரிய மேகமாகிறது. மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதுகின்றன. அங்கே மின்சாரம் சேர்கிறது. அதுவே மின்னலாகப் பாய்கிறது.

வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. செல்போனில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டுவது இவைதான். இவை ஓயாமல் வானொலி அலைகளை அனுப்புகின்றன.

கட்டாந்தரையில் நாம் வேகமாக நடப்போம். சேற்று வயலில் நடந்தால் தாமதமாகும். இந்த அலைகளும் அப்படித்தான். காற்றில் நீராவி கூடினால், அலை தரைக்கு வந்து சேர இம்மியளவு தாமதமாகிறது. தரையில் உள்ள கருவி அந்தத் தாமதத்தை அளக்கிறது. அதிலிருந்து காற்றின் ஈரம் தெரிகிறது.

ஈரம் விரைவாகக் கூடினால் இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் கென்னடி ராக்கெட் தளத்தில் மின்னலை முன்னறிய இம்முறையை ஆராய்ந்தார்கள். நம் நாட்டு வானிலைத் துறையும் பல இடங்களில் இக்கருவிகளை வைத்துள்ளது.

மின்னல் விழுந்த இடம்

மின்னலும் வானொலி அலைகளை வீசுகிறது. பல ஊர்களில் உள்ள கருவிகள் அவற்றைப் பிடிக்கின்றன. அலை எந்தக் கருவிக்கு முதலில் வந்தது, எதற்குப் பிறகு வந்தது என்று கணக்கிட்டால் மின்னல் வெட்டிய இடம் தெரியும். இக்கருவிகளின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்ட வேண்டும். அந்த நேரத்தைத் தருவதும் செயற்கைக்கோள்தான்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் "தாமினி" என்ற செல்போன் செயலியை உருவாக்கியது. நம் அருகே மின்னல் வெட்டினால் அது எச்சரிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

செல்போன் இல்லையா? காதே போதும். இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள்.

உடனே வயலை விட்டுக் கிளம்புங்கள். நல்ல கட்டிடத்துக்குள் செல்லுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். குளம், கம்பிவேலி, மின்கம்பம் அருகே நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொடலாம். அவர் உடலில் மின்சாரம் தங்காது. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

மீதி நாற்றை நாளைக்கு நடலாம். போன உயிர் திரும்பாது. இதை வீட்டிலும் பக்கத்து வயலிலும் சொல்லுங்கள்.