கரைந்த தாடையெலும்பை மீண்டும் கட்டுதல்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டி ஆரியசாலை என்றொரு பகுதி உண்டு. முதலாம் இராசராசனுடைய கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை இதனை அடுத்தே இருந்தது என்போர் உளர், மறுப்போரும் உளர். அவ்வழக்கு நமக்கு இன்று வேண்டா. இங்கே கடைகளில் தமிழ் ஒலிக்கும்; திருநெல்வேலிச் சீமையார் பலசரக்கு விற்பார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகத்தால் ஊர் ஊராக மாற்றப்பெற்ற நாமும் இப்போது இங்கேதான் குடியிருக்கிறோம். ஆயினும், நாம் பேச வந்தது ஊரைப் பற்றியன்று. நம்முடைய தாடையெலும்பைப் பற்றி.

வலப்புறத்துக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு நமக்கு இல்லை. ஒன்றை நாகபுரியில் எடுத்தார்கள். மற்றொன்று டில்லியிலே போயிற்று. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வோர் ஊரிலும் சொல்லிக்கொண்டோம். மொழிபெயர்ப்பு வேலைக்குக் கடைவாய்ப் பல் தேவையில்லை அல்லவா? இவ்வாறு எட்டு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் இங்கே ஒரு பல் வைத்தியரிடம் சென்று, தாடையில் திருகு பதித்துப் பல் கட்டவேண்டும் என்றோம். அவர் ஸ்கேன் படத்தை நெடுநேரம் பார்த்தார். "பல் இருக்கிறது, நடுவதற்கு நிலம் இல்லையே!" என்றார்.

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே வாழ்வது. மெல்லும்போது வேரின் வழியே அழுத்தம் செல்லும்வரை அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பல் போனபின், வேலையற்ற அவ்வெலும்பை உடம்பே கரைத்துவிடுகிறது. கன்னத்துப் பக்கத்துச் சுவர் மெல்லியதாதலின் முதலில் அதுவே தேய்கிறது. ஓராண்டுக்குள் அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே போகிறது. வலியில்லை, வீக்கமில்லை, ஆகவே எவரும் அறிவதில்லை. பல்லை எடுத்த நாளிலேயே குழியை நிரப்பினால் இவ்விழப்பைக் குறைக்கலாமாம். நம் பற்களை எடுத்த இருவரும் இதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

திருகு பதிக்கும் முறை சுவீடன் நாட்டில் பிறந்தது. 1952-ஆம் ஆண்டில் பிரானெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் முயலின் எலும்பில் டைட்டேனியக் கருவியொன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது கருவி வரவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965-இல் அவர் முதல் மனிதருக்குப் பதித்த திருகுகள் அவருடைய ஆயுட்காலம் முழுவதும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல், நிலைத்திருந்தன. ஆனால் சுற்றிலும் எலும்பு இருந்தால்தான் எலும்பு பற்றிக்கொள்ளும். 4 மில்லிமீட்டர் பருமனுள்ள திருகுக்கு இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டரேனும் எலும்பு வேண்டும்; ஆக 6. நம்மிடம் இருந்ததோ 3.

இல்லாத எலும்பைக் கட்டுவது எங்ஙனம்? மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுவது போலத்தான். தன் எலும்பையே தாடையின் பின்பகுதியிலிருந்தோ மோவாயிலிருந்தோ எடுக்கலாம். பேரிழப்பானால் இடுப்பெலும்பிலிருந்தும் எடுப்பதுண்டு. அதில் உயிரணுக்கள் இருப்பதால் சிறப்பு. இரண்டாவதோரிடத்தில் புண்ணாவது குறை. மாட்டெலும்பைப் பக்குவம் செய்து உயிர்ப்பொருளை நீக்கிய துகளும் உண்டு. செயற்கைத் துகளும் உண்டு.

இதனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் சொன்னோம். அவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்தினார். "சார்வாள், மாட்டெலும்பையா வாயிலே வைக்கப்போறிய?" என்றார். சிரித்தோம், ஆயினும் அவ்வினா வீடுவரை உடன்வந்தது. மறுநாள் வைத்தியரிடம் அதையே கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. நோயாளிகள் கேட்கவேண்டிய கேள்விதான் என்றார்.

செயற்கைத் துகளைப் பற்றி விசாரிக்கையில் ஒரு செய்தி அறிந்து வியந்தோம். ஆரியசாலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பூசப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பெற்ற சித்திரா இருதய வால்வு அங்கே உருவானது. எலும்புக் குறையை நிரப்பும் ஹைட்ராக்ஸி அபடைட் பீங்கானும் அங்கே ஆராய்ந்து செய்யப்பட்டது. நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள சுண்ணச்சத்தும் பாஸ்பேட்டும் கூடிய அதே தாதுப்பொருள் அது. புது எலும்பு ஏறிப் படர்வதற்குப் பந்தல் போல் நிற்பது. நம் வாயில் இட்டது அங்கே செய்ததன்று. ஆயினும் இனம் ஒன்றே.

சிகிச்சை ஒன்றரை மணி நேரம் நடந்தது. மரத்துப்போன ஈறைத் திறந்து, தாடையின் பின்புறத்திலிருந்து சுரண்டிய நம் எலும்புத் தூளைச் செயற்கைத் துகளோடு கலந்து அப்பி, ஈறின் சதை உள்ளே புகாதபடி மெல்லிய சவ்வொன்றைப் போர்த்தித் தைத்தார்கள். சதை விரைந்து வளரும். எலும்பு மெல்ல வளரும். அந்த ஓட்டத்தில் எலும்புக்கு இடம் பிடித்துத் தருவதே சவ்வின் வேலை. கன்னம் ஐந்து நாள் பூசணிக்காய் போல் இருந்தது, கஞ்சியே உணவு. நீரிழிவை அடக்கி வைக்கவேண்டும், புகை கூடாது, வெற்றிலை பாக்கும் கூடாது என்று கட்டளை. முன்னிரண்டும் நமக்கு இல்லை. மூன்றாவதுதான் கடினமாயிற்று.

இது நான்காவது மாதம். அடுத்த மாதம் மீண்டும் படம் எடுப்பார்கள். அகலம் தேறியிருந்தால் திருகு. தேறாவிட்டால் இன்னுமோர் ஒட்டு. எல்லார்க்கும் முதன்முறையே பலிக்கும் என்று வைத்தியர் உறுதி கூறவில்லை. அதனாலேயே அவரை நம்பினோம். இதற்கிடையே மாற்றல் உத்தரவு வந்தாலும், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே தங்குவதென்று தீர்மானித்திருக்கிறோம். அண்ணாச்சி நம்மைக் கண்டால் இப்போதெல்லாம் வெற்றிலைத் தட்டை மேசைக்கடியில் தள்ளிவிடுகிறார்.