வாய் கட்டப்பட்ட தளபதி
(பழவங்காடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1804இல் படிப்பணக் குறைப்பை எதிர்த்து நாயர் படை திருவனந்தபுரம் நோக்கித் திரண்ட வரலாறு பழவங்காடியில் உள்ளோர்க்குப் புதிதன்று. அரசியல் சூழ்ச்சியில் படைத்தலைவர் சிக்கிய வேறொரு வழக்கை இன்று எடுத்துக்கொள்கிறேன். அது புதுச்சேரியில் தொடங்கிப் பாரிசின் கொலைமேடையில் முடிந்தது.

பதினைந்தாம் லூயி மன்னரின் தளபதி லாலி 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கினார். ஜூனில் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். வண்டி இழுக்க ஆளின்றிப் போகவே, ஊராரைச் சாதி பாராது பிடித்துச் சுமக்க வைத்தார். (சமத்துவ நாட்டத்தால் அன்று!) கருவூலம் வறண்டிருந்தது. தஞ்சை மன்னரிடம் பழைய கடனை வசூலிக்கப் புறப்பட்டவர், வழியில் கீழ்வேளூர்க் கோவிலைச் சூறையாடினார். ஒற்றர் என ஐயுற்று அந்தணர் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். தஞ்சை பணியவில்லை. சென்னை முற்றுகையும் தோற்றது. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அயர் கூட்டிடம் வீழ்ந்தார். ஓராண்டில் புதுச்சேரியும் சரணடைந்தது.

கம்பெனியின் ஆலோசனைக் குழுவினரைக் கையூட்டுக்காரர் என லாலி வெளிப்படையாகவே இகழ்ந்து வந்தவர். அவர்கள் காத்திருந்தனர். சரணடைந்தபின் அவருடைய கணக்கதிகாரி துபுவா கோட்டை வாயிலில் கொல்லப்பட்டார். அவர் திரட்டிய முறைகேட்டு ஆவணங்கள் மறைந்தன. லாலியோ இங்கிலாந்தில் போர்க்கைதி. பாரிசில் தம்மைத் துரோகி என்கிறார்கள் எனக் கேட்டு, வாக்குறுதி அளித்து விடுப்புப் பெற்று, தாமே தாயகம் திரும்பினார். பாஸ்டீல் சிறை காத்திருந்தது.

புதுச்சேரிப் பாதிரியார் லாவோர் இறந்தபின், அவருடைய பெட்டியில் இரு குறிப்பேடுகள் இருந்தன என்கிறார் வால்டேர்: ஒன்று லாலியைப் புகழ்வது, மற்றொன்று குற்றஞ்சாட்டுவது. காற்று எத்திசை வீசினும் பயன்படும் ஏற்பாடு. வழக்குக்கு உதவியது இரண்டாவது. லாலிக்கு வழக்குரைஞர் மறுக்கப்பட்டார். 1766 மே 9இல், பேசாதிருக்க வாயில் தடையிட்டுத் தலையை வெட்டினர்.

மன்னர், அரசு, கம்பெனி ஆகியோரின் நலன்களைக் காட்டிக்கொடுத்தார் என்பதே தீர்ப்பின் முதல் வரி. இழந்த பேரரசுக்கு ஒரு தலை தேவைப்பட்டது; கடற்படையை அழைத்துக்கொண்டு மொரீஷியஸ் தீவுக்குப் போன தாஷேவின் தலைக்கு ஆபத்தில்லை. வால்டேரும் லாலியின் மகனும் போராடியதால் 1778இல் அரசவை அத்தீர்ப்பை ரத்துச் செய்தது.

கீழ்வேளூருக்காக எந்த மேடையிலும் எவர் தலையும் விழவில்லை. அந்த நாள்களின் புதுச்சேரியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வாசியுங்கள். நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்பே அவர் கண்மூடினார்.