தாரத்துக்குப் பக்கத்தில் குரல்

கூடி ஆடும் ஆட்டங்களில் முதலில் கண்ணில் படுவது காலடியும் கைத்தட்டலும்தான் என்றாலும், ஆட்டம் தொடங்குமுன் யார் எங்கே நிற்பது, யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று வகுக்கும் ஏற்பாட்டிலேயே அவற்றின் இயல்பு பெரிதும் அடங்கியுள்ளது. அவ்வேற்பாட்டை நுட்பமாகப் பதிவுசெய்த தமிழ் நூல் சிலப்பதிகாரம்.

மதுரை ஆயர் சேரியில் குடத்துப் பால் உறையாமை முதலான தீக்குறிகள் தோன்ற, ஆநிரையின் துயர் நீங்க வேண்டி, கைகோத்து வட்டமாக நின்று பாடி ஆடும் கூத்தாகிய குரவையை ஆயர் முதுமகள் மாதரி ஏற்பாடு செய்கிறாள். ஆளுக்கோர் ஏறு வளர்த்த கன்னியர் எழுவருக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களையே அவள் இட, குரலானவள் மாயவனாகிய கண்ணனாகவும் இளியானவள் அவன் அண்ணன் பலராமனாகவும் துத்தமானவள் அவன் காதலி நப்பின்னையாகவும் நிற்கிறார்கள். அவர்கள் நிற்கும் வட்டம் செந்நிலை மண்டிலம் எனப்படும். நண்டின் பிடியை நினைவூட்டுமாறு அவர்கள் விரல் கோப்பது கற்கடகக் கை; கற்கடகம் என்பது நண்டு. மாயவனுக்கு ஒரு பக்கம் நப்பின்னையும் மறுபக்கம் தாரமும் நிற்பதாக நூலாசிரியர் இளங்கோவடிகள் குறிப்பதால், வரிசையில் ஏழாவதான தாரம் முதலாவதான குரலின் கையைப் பற்றுகிறது என்பது விளங்கும். பாடுவோரும் தாரத்தைக் கடந்ததும் மேல்நிலைக் குரலையே அடைகிறார்கள் என்பதை எண்ணினால், இசையின் சுழற்சியை எழுவர் உடலால் எழுதிக்காட்டிய இந்த அமைப்புக்கு நிகரானது அரிது.

நிற்கும் இடத்தை வகுக்கும் இத்தகைய ஏற்பாடு பிற நாட்டு ஆட்டங்களிலும் உண்டு. ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறக் கூட்டு நடனத்தில் ஆடுவோர் பெரும்பாலும் எதிரெதிர் வரிசைகளில் நிற்பர். ஆயினும் 'டாஷிங் ஒயிட் சார்ஜென்ட்' என்னும் நடனத்தில் மூவர் எதிரே மூவராக நின்ற சிறு குழுக்களே கூடத்தைச் சுற்றிப் பெருவட்டமாகின்றன. ஒவ்வொரு குழுவிலும் ஒரு மூவரணி கடிகாரச் சுற்றிலும் எதிரணி அதற்கு மாறாகவும் பார்த்து நிற்க, ஒரு சுற்று ஆட்டம் முடிந்ததும் ஒருவரையொருவர் கடந்து அடுத்த மூவரை எதிர்கொள்வதால், அந்நியரும் ஆட்டத்துணையாகிவிடுகிறார்கள். ஆனால் ஆறு ஆறாகக் கணக்குச் சேராவிட்டால் வட்டம் நிறையாது.

குரவைக்கு எழுவர், அந்த ஸ்காட்லாந்து நடனத்துக்கு அறுவர் என்ற இவ்வரையறை கும்மிக்கு இல்லை. செஞ்சி வட்டாரத்துத் தொண்டூர் போன்ற ஊர்களிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் பெண்கள் ஆடும் கும்மியில், கைகொட்ட வேண்டியிருப்பதால் கைகோத்தல் இல்லை. ஒருத்தி அடியெடுத்துப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடி, குனிந்து உள்நோக்கி அடிவைத்துக் கொட்டி, நிமிர்ந்து விலகுகிறார்கள். பாட்டின் நடுவே வந்து சேர்பவளுக்கும் எண்ணிப் பார்க்கும் அவசியமின்றி இருவர் சற்று விலகி இடம்விட, வட்டம் ஓரடி அகன்றுகொண்டே கொட்டு தொடர்கிறது.