அண்ணாவின் மாண்டலினுக்கு ஒரு தகடு

(கொல்கத்தா கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ரிடையர் ஆன ஆபீஸர் பேச வந்தால் பென்ஷனைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அதை விட்டுவிடுகிறேன். உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஒரு தகட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். நம்மில் பலர் வீட்டுப் பரணில் ஒரு பழைய வீணையோ வயலினோ தூங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துச் சரி செய்ய நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம். நான் செய்த தவறு இன்னும் அதிகமாக உதவலாம்.

என் அண்ணா 1964-ல் இதே ஊரில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தார். ஊரைக் காலி செய்து கிளம்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பழைய மாண்டலின் ஒன்றை வாங்கினார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், 1902-ல் தொடங்கிய கிப்ஸன் கம்பெனி செய்தது. எங்களுடையது 1920-களைச் சேர்ந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் அண்ணா அதை மடியில் வைத்துக்கொண்டு ஹிந்தி சினிமாப் பாட்டு வாசிப்பார். சஜ்ஜாத் ஹுசைனின் மாண்டலின் என்றால் அவருக்கு உயிர். பிற்பாடு பாலகொல்லு ஸ்ரீனிவாஸ் சிறுவனாக இருக்கும்போதே கர்நாடக மேடைக்கு வந்தபோது, "நம்மாத்து வாத்தியம் கச்சேரிக்கே வந்துடுத்து பார்த்தியா!" என்று பூரித்துப் போனார். ஸ்ரீனிவாஸ் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்சார மாண்டலின். அண்ணாவுடையது ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி.

2011-ல் அண்ணா காலமானார். மாண்டலின் பெட்டிக்குள் போயிற்று. சென்ற வருஷம் மன்னியின் பேத்தி புனேயிலிருந்து வந்து, "தாத்தா மாண்டலினை நான் கத்துக்கறேன்" என்றாள். மன்னிக்கு வயது எண்பத்திரண்டு. என்னைக் கூப்பிட்டு, "நீ சயன்ஸ் படிச்சவன். சரி பண்ணிக் குடு. ஆனா அவர் கை பட்டது எதையும் மாத்திடாதே" என்றார்.

வீணையில் நாகபாசம் இருக்கும் இடத்தில் மாண்டலினுக்கு டெயில்பீஸ் என்று ஒரு தகடு உண்டு. எட்டுக் கொக்கிகள். அவற்றில்தான் கம்பிகளின் வளையங்கள் மாட்டியிருக்கும். மேலே சித்திர வேலை செய்த ஒரு மூடி. வெளியே தெரிவது மூடி. பாரம் சுமப்பது உள்ளே இருக்கும் தகடு. எவ்வளவு பாரம்? கம்பியின் நீளம், எடை, அதிர்வெண் தெரிந்தால் கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்தேன். மெல்லிய கம்பிகள் எட்டும் சேர்ந்து சுமார் 65 கிலோ, நடுத்தரக் கம்பிகள் என்றால் சுமார் 75 கிலோ இழுக்கின்றன. அதாவது, ஒரு மூட்டை அரிசி.

எங்கள் தகட்டில் இரண்டு கொக்கிகள் நிமிர்ந்து, கம்பி நழுவிக் கிடந்தது. இடுக்கியால் வளைத்தேன். ஒன்று வளைந்தது. இன்னொன்று 'டக்'கென்று கையோடு வந்துவிட்டது! உலோகத்தைக் குளிர்ந்த நிலையில் முன்னும் பின்னும் வளைத்தால் அது கடினப்பட்டு முறியும் என்று பௌதிகப் பாடத்தில் படித்தவன் நான். அவசரத்தில் படிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அன்று மன்னியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அங்கே போனேன். ஒரு கடைக்காரர் பளபளப்பான, கனமான வார்ப்புத் தகடு ஒன்றைக் காட்டி, "பழைய துளைகள் ஒத்துவராது, புதிதாகத் துளை போட்டுவிடலாம்" என்றார். எனக்கும் சபலம்தான். ஆனால் திருகுகள் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன மரக்கட்டையை. நூறு வருஷக் கட்டையில் பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போட்டு, அதன்மேல் ஒரு மூட்டை பாரத்தை ஏற்றினால் கட்டை பிளக்கலாம். தகடு போனால் வேறு வாங்கலாம், கட்டை போனால் வாத்தியத்தையே பிரிக்க வேண்டும்.

பிறகு பவ்பஜாரில் ஒரு பொற்கொல்லரிடம் காட்டினேன். சாதாரண ஈயப்பற்று இந்த இழுப்பைத் தாங்காது, வெள்ளிப்பற்று வைக்கலாம் என்றார். ஆனால் அதற்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நிக்கல் முலாம் கருகும். பக்கத்துக் கொக்கிகளும் சூட்டில் இளகி, மறுபடி நிமிரும். கூலியை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்த மனிதருக்கு என் நமஸ்காரம்.

அதே பழைய மாதிரியில் மெல்லிய தகடுகள் இன்றும் செய்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மருமான் மூலம், துளைகளின் அளவு அனுப்பி, ஒன்றை வரவழைத்தேன். பழைய துளைகளிலேயே உட்கார்ந்தது.

செய்பவர்களுக்குச் சில குறிப்புகள். மாண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எனவே கம்பியைத் தளர்த்துமுன் அதன் இடத்தைக் காகித ஒட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இடம் தவறினால் எந்த மெட்டிலும் சுருதி நிற்காது. துளை தளர்ந்திருந்தால் பெரிய திருகு போடாதீர்கள். மூங்கில் சிம்பைத் தச்சர் பசையில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, பழைய திருகையே கையால் முடுக்குங்கள். கழுத்தின் நடுவிலிருந்து நூல் பிடித்துத் தகடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். குண்டு முனைக் கிதார் கம்பி கொக்கியில் மாட்டாது, வளைய முனைக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வாத்தியத்துக்கு மெல்லிய கம்பிதான் நல்லது. ஒரே நாளில் முழுச் சுருதி ஏற்றாதீர்கள். மூடிக்குள் ஒரு துண்டு கம்பளித் துணி வைத்தால் கிணுகிணுப்பு நிற்கும்.

கடைசியில் அண்ணாவின் மூடியையே மேலே போட்டேன். பார்த்தால் மாற்றியதே தெரியாது. சொல்லாமல் விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. உடைந்த தகட்டை மன்னி கையில் வைத்து, "என் அவசரத்தில் உடைந்தது மன்னி, உள்ளே இருப்பது புதுசு" என்றேன். மன்னி சற்று நேரம் அந்தத் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இதைப் பெட்டிக்குள்ளேயே வை. குழந்தையை வாசிக்கச் சொல்லு, கேக்கலாம்" என்றார்.

பேத்திக்கு அன்று ஸரிகமகூடச் சரியாக வரவில்லை. கம்பிகளை மீட்ட மட்டும் செய்தாள். பதின்மூன்று வருஷங்களுக்கு மேல் கேட்காத சப்தம் அது. மன்னி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகவே, முடிந்தவரை பழையதைச் சரி செய்யுங்கள். முடியாவிட்டால், துளை போடாமல், வெட்டாமல், பின்னால் யாரும் கழற்றிப் பழையபடி ஆக்கும்படி மாற்றுங்கள். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள். இடுக்கியை எடுக்குமுன் ஒரு நாள் யோசியுங்கள். மாற்றியதை வீட்டுப் பெரியவர்களிடம் மறைக்காதீர்கள்.